புளூகிராஸ் கேட்கத் தொடங்குவோருக்கு முதல் இசைத்தட்டு எது?

அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி, வர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களின் மலைப்புறத்துப் பாட்டு மரபுகளிலிருந்து 1940களின் நடுவில் உருப்பெற்றது புளூகிராஸ் இசை. கென்டக்கியின் ரோசின் என்ற சிற்றூருக்கு அருகே 1911இல் பிறந்த பில் மன்ரோ, தம் மாநிலத்தின் பட்டப்பெயரையொட்டித் தம் குழுவுக்கு ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ என்று பெயரிட்டார். அந்தப் பெயரே பின்னர் இசைவகை முழுவதற்கும் நிலைத்துவிட்டது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பதிவுகள் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் புதிதாகக் கேட்க வருபவருக்கு இந்த வளமே இடையூறாகவும் ஆகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கையில் கிடைத்ததைக் கேட்பவர்களில் பலர், எல்லாப் பாட்டும் ஒரே வேகத்தில் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்றோ, திரைப்படத் துரத்தல் காட்சிகளுக்கு ஏற்ற விளையாட்டு இசை இது என்றோ முடிவுகட்டி விலகிவிடுகிறார்கள். இந்த இரண்டு எண்ணங்களும் பிழையானவை; தொடங்கும் இடத்தைச் சரியாகத் தேர்ந்துகொண்டால் இரண்டும் எழவே வாய்ப்பில்லை. ஆகவே வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் தொடக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எவருக்கு எது பொருந்தும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் இந்த இசை எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அந்த இயக்கத்தைக் காதுக்குத் தெளிவாகக் காட்டும் பதிவே நல்ல தொடக்கம் என்பது என் கணிப்பு. செவ்வியல் புளூகிராஸ் குழுவில் டிரம்ஸ் கிடையாது. மின்கருவிகளும் பொதுவாக இல்லை. ஐந்து நரம்பு பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில் என்று அழைக்கப்படும் வயலின், கிடார், நின்றபடி வாசிக்கும் பெரிய பாஸ் ஆகிய ஐந்தும் அடிப்படைக் கருவிகள். பாஸ் தாளத்தின் வலுவான அடிகளில் ஒலிக்க, மாண்டலின் அவற்றுக்கு இடைப்பட்ட அடிகளில் நரம்புகளை வெட்டினாற்போல் தட்டி உடனே ஒலியை நிறுத்துகிறது. டிரம்ஸ் செய்ய வேண்டிய வேலையை இந்த இரண்டும் சேர்ந்து செய்துவிடுகின்றன. கிடார் இடைவெளிகளை நிரப்ப, பாஞ்சோ மூன்று விரல்களால் இடையறாத துளிகளாக ஒலியைப் பொழிகிறது. பாடகர் ஒரு சரணத்தைப் பாடி முடித்ததும் ஏதேனும் ஒரு கருவி முன்வந்து பாட்டின் மெட்டைத் தன் பாணியில் விரித்து வாசிக்கும். மற்றவை ஒலியைத் தணித்து அதற்கு இடம் விடும். பிறகு அடுத்த கருவியின் முறை. பல்லவியில் இரண்டு அல்லது மூன்று குரல்கள் சேரும்; அவற்றுள் மேற்குரல், முதன்மைக் குரலைவிட உயரத்தில், தொண்டை இறுகிய கூர்மையோடு நிற்கும். மாண்டலின் ஸ்ரீநிவாஸின் மின்மாண்டலின் வழியாக இக்கருவியை அறிந்த நம் காதுகளுக்கு, இரட்டை இரட்டையாக எட்டு நரம்புகள் கட்டிய, மின்சாரம் இல்லாத இந்த மாண்டலினின் மரத்தன்மை வாய்ந்த ஒலி முதலில் புதிதாகப் படும். சிறிது நேரத்தில் பழகிவிடும்.

அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டும் என்று கருதுவோர் 1946, 1947 ஆண்டுகளின் பதிவுகளையே கையில் கொடுப்பார்கள். 1945இன் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற வட கரோலினா இளைஞர் மன்ரோவின் குழுவில் பாஞ்சோ வாசிக்கச் சேர்ந்தார். பாடகரும் கிடார் கலைஞருமான லெஸ்டர் ஃப்ளாட் அதே ஆண்டில் ஏற்கெனவே சேர்ந்திருந்தார். ஃபிடிலில் சப்பி வைஸ், பாஸில் ஹோவர்ட் வாட்ஸ். இந்த ஐவரும் கொலம்பியா நிறுவனத்துக்காக 1946 செப்டம்பரிலும் 1947 அக்டோபரிலும் சிகாகோவில் பதிவுசெய்த 28 பாடல்கள்தாம் இந்த இசைவகையின் இலக்கணமாக இன்றுவரை கருதப்படுகின்றன. 1948இல் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் விலகித் தனிக் குழு அமைத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் வடிவம் முழுமை பெற்றுவிட்டது. வர்ஜீனியாவின் ஸ்டான்லி சகோதரர்கள், மன்ரோ மேடைகளிலும் வானொலியிலும் பாடிவந்த ஒரு குதிரைப் பந்தயப் பாட்டை, அவருடைய இசைத்தட்டு வெளிவருவதற்கு முன்பே, 1948இல் அதே கருவி அமைப்போடு பதிவுசெய்து வெளியிட்டார்கள். மன்ரோ இதை விரும்பவில்லை. கொலம்பியா நிறுவனம் ஸ்டான்லி சகோதரர்களையும் ஒப்பந்தம் செய்தபோது அந்த நிறுவனத்தையே விட்டு டெக்காவுக்குச் சென்றார். ஒரு குழுவின் தனி ஒலி பலரும் பின்பற்றும் இசைவகையாக மாறிய தருணமாக வரலாற்றாசிரியர்கள் இந்த நிகழ்ச்சியையே குறிப்பிடுகிறார்கள்.

இந்தப் பதிவுகளின் வலிமை மறுக்க முடியாதது. 1945 பிப்ரவரியில் மன்ரோ பதிவுசெய்த ‘கென்டக்கி வால்ட்ஸ்’ பாட்டையும், 1946 செப்டம்பரில் பதிவுசெய்த ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’ பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டும் மூன்றடித் தாளத்தில் அமைந்தவை. இரண்டும் மன்ரோ இயற்றியவை. முதலாவதில் அக்கார்டியன் ஒலிக்கிறது. பாஞ்சோ பின்னணியில் பழைய முறையில் தட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றரை ஆண்டு கழித்துப் பதிவான இரண்டாவதில் அக்கார்டியன் இல்லை. ஸ்க்ரக்ஸின் மூன்று விரல் பாஞ்சோ வந்துவிட்டது. முழுக் குழுவும் ஒரே உடலாக அசைகிறது. ஓர் இசைவகை பிறப்பதை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் இணை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1954இல் எல்விஸ் பிரெஸ்லி தம் முதல் இசைத்தட்டின் மறுபக்கத்தில் இதே பாட்டை வேகமான நான்கடித் தாளத்தில் பாடினார். அதன்பின் மன்ரோவும் அதே ஆண்டில் மறுபடி பதிவுசெய்து, பழைய நடையில் தொடங்கி இடையில் வேகத்துக்கு மாறினார். ஒரே பாட்டின் இந்த மூன்று பதிவுகளும் எட்டாண்டு அமெரிக்க இசை வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன.

ஆயினும் முதல் நாளன்றே இவற்றைக் கேட்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு பாட்டும் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குள், ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டியிருந்தது. எல்லாக் கருவிகளும் ஒரே ஒலித்தடத்தில் பதிவாகியிருப்பதால், பயிற்சியில்லாத காதுக்குப் பாஸும் கிடாரும் ஒரு மங்கலான முழக்கமாகக் கலந்துவிடுகின்றன. மாண்டலின் வெட்டும் அடிகளோ பெரும்பாலும் புலப்படுவதே இல்லை. எந்தக் கருவிகள் இந்த இசையைத் தூக்கி நிறுத்துகின்றனவோ அவைதாம் மிகக் குறைவாகக் கேட்கின்றன. இந்த இசையின் உள்ளமைப்பை ஏற்கெனவே அறிந்தவர் அந்த மங்கலுக்குள்ளும் எல்லாவற்றையும் கேட்டுவிடுவார். அறியாதவர்க்குப் பாஞ்சோவும் உயர்ந்த குரலும் மட்டுமே எஞ்சும். எல்லாம் ஒரே மாதிரி என்ற எண்ணம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

இதற்கு நேர்மாறான பரிந்துரை, 2000இல் வெளிவந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ திரைப்படத்தின் இசைத்தொகுப்பு. டி போன் பர்னெட் தொகுத்த இது அமெரிக்காவில் பல இலட்சம் பிரதிகள் விற்று, 2002இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் பெற்றது. ஸ்டான்லி சகோதரர்களில் இளையவரான ரால்ஃப் ஸ்டான்லி, எழுபதைக் கடந்த வயதில், கருவித் துணை ஏதுமின்றிச் சாவை நோக்கிப் பாடும் பாட்டு ஒன்று இதில் உள்ளது. அதற்காக அவருக்கும் அந்த ஆண்டு கிராமி கிடைத்தது. அந்தக் குரலைக் கேட்டவர் எளிதில் மறக்க மாட்டார். படத்தில் ஜார்ஜ் குளூனி வாயசைக்க, உண்மையில் டான் டிமின்ஸ்கி பாடிய பாட்டு, புளூகிராஸை வாழ்நாளில் கேட்டிராத இலட்சக்கணக்கானோரின் காதுக்கு எட்டியது.

இருந்தாலும் இதைப் புளூகிராஸ் தொகுப்பு என்று எண்ணி வாங்குபவர் வேறொன்றை வாங்குகிறார். கதை நடப்பது 1937இல், மிசிசிப்பி மாநிலத்தில். அப்போது புளூகிராஸ் என்ற இசை உருவாகவே இல்லை. அதற்கேற்பத் தொகுப்பிலும் 1959இல் மிசிசிப்பிச் சிறையில் பதிவான கைதிகளின் உழைப்புப் பாட்டு, 1928இன் பழைய பதிவு ஒன்று, புளூஸ், கறுப்பின மக்களின் நால்வர் பக்திப் பாட்டு, குழந்தைகளின் பாட்டு என்று அமெரிக்கத் தெற்கின் பல மரபுகள் கலந்து கிடக்கின்றன. புளூகிராஸின் முழுக் கருவி அமைப்பு ஒரு சில பாட்டுகளில்தான் வருகிறது. தொகுப்பாக இது மிக அழகானது. மன்ரோவின் இசை எந்த மண்ணிலிருந்து எழுந்தது என்பதை உணர்த்தவும் செய்கிறது. அந்த மண்ணில் கறுப்பினத்தாரின் பங்கு எவ்வளவு பெரியது என்பதையும் நேர்மையாகக் காட்டுகிறது. பாஞ்சோவின் முன்னோடிக் கருவிகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை மக்களோடு வந்தவை. மன்ரோவே ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரோடு இளமையில் வாசித்ததையும் அவரிடமிருந்து கற்றதையும் பல முறை நன்றியோடு கூறியிருக்கிறார். ஆனால் புளூகிராஸ் தனித்து எப்படி ஒலிக்கும் என்ற கேள்விக்கு இத்தொகுப்பில் விடை இல்லை. எனவே இதை இரண்டாவது அல்லது மூன்றாவதாகக் கேட்பது மேல்.

அலிசன் கிராஸின் பதிவுகளிலிருந்து தொடங்குவது பற்றி அதிகம் விவாதிக்கத் தேவையில்லை. இல்லினாய் மாநிலத்தில் 1971இல் பிறந்து, பதின்வயதிலேயே முதல் ஆல்பம் வெளியிட்டு, பிற்காலத்தில் 27 கிராமி விருதுகளைப் பெற்ற இவருடைய குரல், எந்த இசைப் பின்னணியிலிருந்து வருபவரையும் உடனே ஈர்க்கும். புளூகிராஸின் கூர்மையான உயர்குரலைக் கண்டு ஒதுங்குபவருக்கு இது நல்ல பாலம். இசைக்குழுவான யூனியன் ஸ்டேஷனோடு அவர் லூயிவில் நகரில் பாட, 2002இல் வெளிவந்த நேரடிக் கச்சேரிப் பதிவைத் தேர்ந்தால் மெல்லிசையும் முழு வேகப் புளூகிராஸும் ஒரே இடத்தில் கிடைக்கும். அவருடைய மெதுவான காதல் பாட்டுகளை மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடும் ஆபத்து உண்டு; அவற்றில் பாஞ்சோ அடங்கியே ஒலிக்கிறது, சிலவற்றில் இல்லவே இல்லை.

என் தேர்வு இவை எல்லாவற்றையும் விட்டு 1975ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. கென்டக்கியின் லெக்சிங்டன் நகரைச் சேர்ந்த பாஞ்சோ கலைஞர் ஜே. டி. க்ரோவின் ‘நியூ சவுத்’ குழு, ரவுண்டர் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த ஆல்பம் அது. அதன் அட்டவணை எண் 0044. ரசிகர்கள் பெயர் சொல்லாமல் அந்த எண்ணாலேயே அதைக் குறிப்பிடுவார்கள். கிடாரும் முதன்மைக் குரலும் டோனி ரைஸ். மாண்டலினும் மேற்குரலும் ரிக்கி ஸ்காக்ஸ். டோப்ரோ என்ற கிடார்வகை ஜெர்ரி டக்ளஸ். பாஸ் பாபி ஸ்லோன். பதிவின்போது ரைஸுக்கும் ஸ்காக்ஸுக்கும் வயது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. டக்ளஸ் இருபதையே எட்டவில்லை. ஓராண்டுக்குள் இந்தக் கூட்டணி கலைந்துவிட்டது. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற அந்த ஒரே தட்டிலிருந்துதான் அடுத்த தலைமுறைக் கலைஞர்களில் பெரும்பாலோர் பாடம் படித்தார்கள். 2024இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய தேசிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

இதை முன்னிறுத்துவதற்கு முதற்காரணம் ஒலித்தெளிவு. 1970களின் பல்தடப் பதிவில் ஒவ்வொரு கருவியும் தன் இடத்தில் தனித்து நிற்கிறது. முதல் பாட்டை மூன்று முறை கேட்கும்படி புதியவர்க்குச் சொல்வேன்: முதல் முறை குரல்களை மட்டும், இரண்டாம் முறை பாஞ்சோவை மட்டும், மூன்றாம் முறை பாஸையும் மாண்டலினையும் மட்டும். மலைப்பள்ளத்தாக்கில் இருந்த வீட்டைவிட்டு நகரத்து மரம் அறுக்கும் ஆலைக்கு வேலை தேடிப்போய், காதலியையும் இழந்து, பிறந்த வீட்டையும் இழந்தவனின் கதை அந்தப் பாட்டு. அப்பாலேச்சிய மலைப்பகுதி மக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சின்சினாட்டி, டேட்டன், டெட்ராயிட், பால்டிமோர் முதலிய தொழில் நகரங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் பிழைப்புத் தேடிப் போனார்கள்; புளூகிராஸ் பாட்டுகளில் வீடு, தாய், ஆற்றங்கரை, கல்லறை ஆகியவை திரும்பத் திரும்ப வருவதற்கு இந்தப் பெயர்வே பெருங்காரணம். ஊரில் இருந்தவர்கள் பாடியதைக் காட்டிலும், ஊரைவிட்டுப் போனவர்கள் கேட்டுக் கண் கலங்கியதே இந்த இசையை வளர்த்தது என்று நான் நம்புகிறேன். வேகமான தாளத்தின் மேல் இவ்வளவு துயரம் ஏறியிருப்பது முதலில் முரணாகத் தோன்றும். அந்த முரணே இவ்விசையின் உயிர்நாடி.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. இந்த ஆல்பத்தில் வாசிப்பவர்களின் வழியாகவே பின்னோக்கிச் செல்ல முடிகிறது. க்ரோ சிறுவனாக இருந்தபோது லெக்சிங்டனில் ஸ்க்ரக்ஸ் வாசிப்பதை நேரில் பார்த்தவர்; பிறகு ஜிம்மி மார்ட்டினின் குழுவில் வாசித்தவர்; மார்ட்டினோ மன்ரோவின் குழுவில் முதன்மைப் பாடகராக இருந்தவர். ஸ்காக்ஸ் ஆறு வயதில் மன்ரோவின் மேடையில் மாண்டலின் வாசித்தவர். பதின்வயதில் ரால்ஃப் ஸ்டான்லியின் குழுவில் இருந்தவர். ரைஸ் கையில் வைத்திருந்த, மார்ட்டின் என்ற நிறுவனம் செய்த பழைய கிடார் அதற்குமுன் கிளாரன்ஸ் வைட்டுக்குச் சொந்தமாக இருந்தது. கிடாரையும் பாஞ்சோவுக்கு நிகராகத் தனித்து வாசிக்க முடியும் என்று 1960களில் காட்டியவர்களுள் முதன்மையானவர் வைட். ஆகவே இந்த ஒரு தட்டைக் கேட்டபின் அடுத்து என்ன என்ற தயக்கம் வருவதில்லை. பாஞ்சோ பிடித்திருந்தால் ஃப்ளாட், ஸ்க்ரக்ஸ் இருவரின் 1949ஆம் ஆண்டுப் பதிவுகளுக்குச் செல்லலாம்; குரல் பிடித்திருந்தால் ஸ்டான்லி சகோதரர்களிடம் செல்லலாம்; கிடார் பிடித்திருந்தால் வைட்டிடமும் டாக் வாட்சனிடமும் செல்லலாம். எல்லா வழிகளும் இறுதியில் 1946க்கே இட்டுச் செல்லும். அப்போது அந்தப் பழைய பதிவின் மங்கலான ஒலிக்குள் எதைத் தேட வேண்டும் என்று காதுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவதாக, மரபுக்குள் நின்றுகொண்டே புதியதைச் சேர்க்கும் துணிவு இதில் இருக்கிறது. கனடாவின் கார்டன் லைட்ஃபுட், இயன் டைசன் ஆகியோரின் பாட்டுகளும், ஃபேட்ஸ் டாமினோவின் ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்றும், பழைய ஃபிடில் மெட்டும், இறுதியில் பக்திப் பாட்டும் இதில் அடுத்தடுத்து வருகின்றன. எதுவும் ஒட்டாமல் நிற்கவில்லை. டோப்ரோ என்பது உலோகத் தட்டு பொருத்திய கிடார். அதைக் கிடையாக வைத்து எஃகுத் துண்டால் நரம்புகளின் மேல் வழுக்கி வாசிக்கிறார்கள். சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து செல்லும் அதன் ஒலி, கமகம் பழகிய காதுகளை எளிதில் பற்றிக்கொள்ளும். இது வெறும் கற்பனை ஒற்றுமை அன்று: அதே ஜெர்ரி டக்ளஸ் பின்னாளில் மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டோடும் பாஸ் கலைஞர் எட்கர் மேயரோடும் சேர்ந்து ஓர் ஆல்பம் பதிவுசெய்தார்.

இந்த ஆல்பத்தின் குறையையும் சொல்ல வேண்டும். எல்லாம் மிகத் துல்லியமாக, வழவழப்பாக இருக்கிறது. ஸ்டான்லி சகோதரர்களின் பதிவுகளில் இருக்கும் கரடுமுரடான மலைத்தன்மை இதில் குறைவு. பெண் குரலும் இதில் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க, மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கப் பகுதியிலிருந்து வந்த ஹேசல் டிக்கென்ஸ், ஆலிஸ் ஜெரார்டுடன் சேர்ந்து 1965இல் வெளியிட்ட ஆல்பத்தை உடன் வைத்துக் கேட்கலாம். ஆண்களே முன்நின்ற ஒரு துறையில் இரண்டு பெண்கள் முதன்மைக் குரல்களாகத் துணிந்து பாடிய அந்தப் பதிவில், டிக்கென்ஸின் குரல் மெருகேற்றப்படாமல் அப்படியே நிற்கிறது.

இவற்றுக்கு வெளியே சில குறுக்கு வழிகளும் உண்டு. 1972இல் வெளிவந்த ‘வில் த சர்க்கிள் பி அன்புரோக்கன்’ என்ற மூன்று தட்டுத் தொகுப்பில், நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற இளைஞர் குழு மேபல் கார்ட்டர், ஸ்க்ரக்ஸ், டாக் வாட்சன், ஜிம்மி மார்ட்டின் முதலிய மூத்தோரை நாஷ்வில் நகரில் ஒன்றுகூட்டியது. மன்ரோவும் அழைக்கப்பட்டார்; அவர் வர மறுத்துவிட்டார். பாட்டுகளுக்கிடையே அவர்கள் பேசிக்கொள்வதும் பதிவாகியிருப்பதால் இதைக் கேட்பது ஒரு வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற அனுபவம் தரும். இதுவும் தூய புளூகிராஸ் அன்று. ஆயினும் பெயர்களையும் குரல்களையும் அறிமுகப்படுத்திக்கொள்ள மிகவும் ஏற்றது. ராக் இசை கேட்டு வளர்ந்தவர்கள், கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா பாஞ்சோ வாசிக்கும் ‘ஓல்ட் அண்ட் இன் த வே’ குழுவின் 1973ஆம் ஆண்டு நேரடிப் பதிவிலிருந்து தொடங்கினால் வீட்டுக்கு வந்ததுபோல் உணர்வார்கள். இன்றைய இளம் ரசிகர்கள் பெரும்பாலும் பில்லி ஸ்டிரிங்ஸின் வழியாகவும், சிறந்த புளூகிராஸ் ஆல்பத்துக்கான கிராமியை அடுத்தடுத்து 2023, 2024இல் பெற்ற மாலி டட்டிலின் வழியாகவும் வருகிறார்கள். ஸ்டிரிங்ஸின் கச்சேரிகளில் ஒரே பாட்டு நீண்ட நேரம் விரிந்து, பழைய வடிவத்தைவிட்டு வெகுதூரம் போய்த் திரும்பும். அந்த விரிவை முழுமையாக ரசிக்க மூன்று நிமிட வடிவம் முதலில் மனத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பதால் அவரை நான் பிற்பாடே பரிந்துரைப்பேன். இந்துஸ்தானி இசை கேட்பவர்களிடம் சிலர் பேலா ஃப்ளெக்கின் பாஞ்சோவும் ஜாகிர் உசேனின் தபலாவும் ராகேஷ் சௌராசியாவின் புல்லாங்குழலும் எட்கர் மேயரின் பாஸும் இணைந்த 2023ஆம் ஆண்டு ஆல்பத்தைத் தொடக்கமாகக் காட்டுகிறார்கள். உயர்ந்த இசை அது. ஆனால் புளூகிராஸ் அன்று. ஃப்ளெக்கையே பின்தொடர விரும்புவோர்க்கு, அவர் மூல இசைக்குத் திரும்பி 2021இல் வெளியிட்ட ‘மை புளூகிராஸ் ஹார்ட்’ பொருத்தமானது.

நான் வெளிப்படையாகவே எதிர்க்கும் தொடக்கம் ஒன்று உண்டு. வேகமான பாஞ்சோ இசையை மட்டும் அடுக்கிய தொகுப்புகளே அவை. ஸ்க்ரக்ஸ் 1949இல் பதிவுசெய்த ‘ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்’, 1967இல் ‘பானி அண்ட் கிளைட்’ படத்தின் துரத்தல் காட்சிகளில் ஒலித்து உலகறிந்தது; 1972ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றின் பாஞ்சோ–கிடார் உரையாடல் அடுத்த ஆண்டில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை சென்றது. இரண்டும் அருமையான வாசிப்புகள். ஆனால் இத்தகையவற்றை இருபது முப்பதென வரிசையாகக் கேட்டால், பாட்டின் சொல்லும் குரலிணைவும் அறவே மறைந்து, விரல் வேகம் மட்டுமே புளூகிராஸ் என்ற தவறான படிமம் மனத்தில் நின்றுவிடும். ஸ்க்ரக்ஸின் உண்மையான பெருமை வேகத்தில் இல்லை. அவ்வளவு சுரங்களுக்கிடையிலும் பாட்டின் மெட்டு தெளிவாகக் கேட்குமாறு அவர் வாசித்ததில் இருக்கிறது. பாடலுக்குப் பின்னால் அவர் வாசிக்கும் இடங்களில்தான் அதை அறிய முடியும்.

எஞ்சியிருப்பது நேரில் கேட்பது. அமெரிக்காவில் வசிப்பவர்க்கோ அங்கே செல்லும் வாய்ப்புள்ளவர்க்கோ எந்த இசைத்தட்டையும்விட இதுவே சிறந்த தொடக்கமாக அமையலாம். ஏனெனில் கருவிகள் ஒன்றுக்கொன்று இடம்விடுவதைக் காதால் பிரித்தறிய வேண்டிய அவசியமின்றிக் கண்ணாலேயே காணலாம். பல குழுக்கள் இன்றும் மேடை நடுவில் ஒரே ஒரு மைக்கை நிறுத்தி, யாருடைய முறை வருகிறதோ அவர் நெருங்கியும் மற்றவர் விலகியும் வாசிக்கிறார்கள். எங்கே செல்வது என்பதில் கவனம் தேவை. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஆண்டுதோறும் அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும் ‘ஹார்ட்லி ஸ்டிரிக்ட்லி புளூகிராஸ்’ விழாவுக்குக் கட்டணமே இல்லை. விரிகுடாப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது மிக எளிது. ஆனால் அங்கே ராக் முதல் நாட்டுப்பாடல் வரை எல்லாம் கலந்திருக்கும். நிகழ்ச்சி நிரலைப் பார்த்து மேடையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கொலராடோவின் டெல்லுரைட் விழா 1974 முதல் ஜூன் மாதத்தில் நடக்கிறது. மலைச் சூழல் ஈடற்றது, இசையோ மரபைத் தாண்டிப் பரந்தது. வட கரோலினாவின் வில்க்ஸ்பரோவில் ஏப்ரல் இறுதியில் நடக்கும் மெர்ல்ஃபெஸ்ட், டாக் வாட்சன் தம் மறைந்த மகன் மெர்லின் நினைவாக 1988இல் தொடங்கியது. ராலேயைச் சுற்றி வசிக்கும் நம்மவர் காரில் சில மணி நேரத்தில் போய்விடலாம். முதன்முறை செல்பவர்க்கு மூன்றில் இதையே நான் சொல்வேன்.

இவற்றைவிடவும் நெருக்கமானது இந்தியானாவின் பீன் பிளாசம். 1967 முதல் மன்ரோ அங்கே விழா நடத்தினார். பெரிய மேடையைக் காட்டிலும், முகாம் கூடாரங்களுக்கிடையே நள்ளிரவு தாண்டியும் முன்பின் அறியாதவர்கள் வட்டமாக நின்று வாசிப்பதைக் கேட்கவே பலர் இத்தகைய விழாக்களுக்கு வருகிறார்கள். அந்த வட்டங்களுக்கு அருகே நின்று கேட்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை. வாசிப்பவர் முறையைக் குறுக்கிடாமலும், அனுமதி பெறாமல் பதிவுசெய்யாமலும் இருந்தால் போதும். விழாக் காலம் அல்லாத நாளில் நாஷ்வில் செல்பவர் ‘ஸ்டேஷன் இன்’ என்ற சிறிய அரங்கைத் தேடிச் செல்லலாம். 1974இல் தொடங்கிய அந்த இடம், சுற்றிலும் உயர்ந்த கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தபின்னும் தாழ்ந்த கல் கட்டடத்திலேயே வாரம் முழுதும் புளூகிராஸ் நிகழ்ச்சிகளை நடத்திவருகிறது. பிரபலமான குழு வாசிக்கும் இரவுகளில் இடம் விரைவாக நிரம்பிவிடும். கதவு திறக்கும் நேரத்துக்கு முன்பே சென்று வரிசையில் நிற்பது நல்லது, மேடைக்கு எதிரே முன் வரிசையில் அமர்ந்தால் மாண்டலின் வெட்டுவதை மைக் இல்லாமலே கேட்கலாம்.